புள்ளி ஒன்று மில்லி

என் மனைவிக்குக் கைராசி உண்டு என்று எங்கள் ஆய்வகத்தில் முதலில் சொன்ன புண்ணியவான் யார் என்று தெரிந்தால், இன்றைக்கும் அவரை நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். கைராசியாம் கைராசி! கோழிக்கறியிலும் முட்டைத் தூளிலும் பால் பவுடரிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கிறதா என்று தேடுவது எங்கள் பிழைப்பு. அவள் தேடினால் கிடைக்கும், நான் தேடினால் கிடைக்காது. அதற்குக் கைராசி என்று அவர்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஆய்வகத்தின் இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவள். நான் அங்கே சேர்ந்து பதினைந்து வருடம். அவள் சேர்ந்து ஒன்பது வருடம். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், "படிச்ச படிப்பு வீணாகுது, எங்க ஆய்வகத்துலயே ஆள் எடுக்கறாங்க, விண்ணப்பம் போடு" என்று அவளைப் பிடித்துத் தள்ளியவனே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டால் என்னை 'சார்' என்று கூப்பிடுவாள். வீட்டில் 'என்னங்க'. கோபம் வந்தால் வீட்டிலும் 'சார்'தான்.

வேலை இப்படி. முதல் நாள் இருபத்தைந்து கிராம் சாம்பிளைப் பெப்டோன் என்ற சத்து கலந்த தண்ணீர் உள்ள புட்டியில் போட்டு விடியும்வரை கதகதப்பில் வைப்போம். குளிரிலும் உப்பிலும் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கும் கிருமி அதில் எழுந்து உட்கார்ந்துவிடும். கூடவே ஊரில் உள்ள மற்ற கிருமிகளும் எழுந்து உட்கார்ந்துவிடும். அத்தனை கூட்டத்தில் நமக்கு வேண்டிய ஆளை எப்படிப் பிடிப்பது? அதற்குத்தான் இரண்டாம் நாள் பிராத், அதாவது கிருமி வளர்க்கும் சத்துநீர். புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டு குழாய்களில் விட வேண்டும். ஒன்று நீலக் குழாய். அதில் உப்பும் சாயமும் தூக்கலாக இருக்கும், நாற்பத்தொன்றரை டிகிரி சூட்டில் வைப்போம். மற்றவர்களுக்கு அங்கே மூச்சு முட்டும், சால்மோனெல்லா மட்டும் தாக்குப்பிடித்து வளரும். இன்னொன்று அயோடின் கலந்த சுண்ணாம்புக் குழாய். நீலத்துக்குப் புள்ளி ஒன்று மில்லி, அதாவது இரண்டு சொட்டு. சுண்ணாம்புக்கு ஒரு மில்லி. மூன்றாம் நாள் இரண்டிலிருந்தும் தொட்டு, சிவப்புக் கூழ் உறைந்த பிளேட்டில் கோடு இழுப்போம். நான்காம் நாள் நடுவில் கறுப்பு விழுந்த புள்ளிகள் தெரிந்தால் அநேகமாக ஆள் சிக்கிவிட்டான். பிளேட் முழுக்க மஞ்சளாகப் பரவியிருந்தால் வந்தவர்கள் வேறு யாரோ.

எங்கள் பகுதித் தலைவருக்கு ஒரு கெட்ட பழக்கம். வருடக் கடைசிக் கூட்டத்தில் யாருக்கு எத்தனை சாம்பிளில் கிடைத்தது என்று வெள்ளைப் பலகையில் எழுதிவிடுவார். சாம்பிள்களை எங்கள் இருவருக்கும் மாறி மாறித்தான் கொடுப்பார்கள், ஒருத்தருக்கு நல்லது ஒருத்தருக்குக் கெட்டது என்று பேச்சே இல்லை. அப்படியும் ஒரு வருடம் அவளுக்கு இருபத்தேழு, எனக்குப் பதினொன்று. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கை தட்டிக்கொண்டிருக்கும்போதே வயிறு பற்றி எரிந்தது.

பிராத் காய்ச்சும் அறையில் ஒரு அக்கா இருக்கிறார். வாய் ஓயாது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என்னிடமே சொன்னார்.

"உன் வீட்டுக்காரிக்குக் கழுகுக் கண்ணுப்பா. நீ குடுத்து வெச்சவன்."

அன்றிலிருந்து என் மனைவிக்கு ஆய்வகத்தில் 'கழுகு' என்று பெயர். எனக்கு என்ன பெயர் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கழுகின் புருஷன் என்பதற்கு மேல் எதுவும் இருந்திருக்காது.

பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமைப்பட்டால் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். பெண்டாட்டி மேல் பட்டவனுக்குச் சாத்த எந்தக் கதவும் இல்லை. ஒரே பேருந்தில் போய், ஒரே பேருந்தில் வந்து, அவள் போட்ட தேநீரையே குடித்துக்கொண்டு அவள் மேல் பொறாமைப்பட வேண்டும். அவள் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பார்ப்பாள். "இதோ இருக்கான்" என்று மெல்லச் சொல்வாள். அந்த 'இதோ' என் காதில் விழும்போதெல்லாம் என் பிளேட்டிலும் ஒன்று இருந்துவிடாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவேன். மஞ்சள்தான் இருக்கும்.

பிப்பெட் விஷயத்தைச் சொல்லாமல் இனித் தப்பிக்க முடியாது. பிப்பெட் என்பது உறிஞ்சி அளந்து விடும் கருவி. ஆளுக்கு இரண்டு உண்டு. ஒரு மில்லி விடும் பெரியது, புள்ளி ஒன்று விடும் சின்னது. நான் சேர்ந்த நாலாவது வருடம் என் சின்னது கீழே விழுந்து உடைந்தது. புதியது வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் பெரியதை வைத்தே நீலத்துக்கும் ஒரு மில்லி, சுண்ணாம்புக்கும் ஒரு மில்லி என்று விட்டேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. புதியது வந்த பிறகும் கை பழசையே கேட்டது. ஒரே கருவியில் இரண்டையும் முடித்தால் அரை மணி நேரம் மிச்சம். பத்துப் பங்கு கூட விட்டால் கிருமியும் பத்துப் பங்கு கூட வரத்தானே வேண்டும் என்று ஒரு சப்பைக்கட்டும் கைவசம் வைத்திருந்தேன். செய்முறைத் தாள் என் தலைக்கு மேலே சுவரில்தான் ஒட்டியிருந்தது. தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் சமர்த்தாகச் சின்னதை எடுத்துக்கொள்வேன். அவர்கள் படி இறங்கியதும் அது இழுப்பறைக்குப் போய்விடும்.

இதை அவள் எப்போது கவனித்தாள் என்று தெரியாது. முதல் தடவை வீட்டில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, நீலத்துக்கு நீங்க சின்னதை எடுக்கறதே இல்ல. அவ்ளோ விட்டா கூட்டமும் சேர்ந்து உள்ள போயிடும், பிராத்தும் நீர்த்துப் போயிடும். நம்மாளு அதுல அமுங்கிடுவான்."

"நீ சேர்றதுக்கு முன்னாடியே அங்க பழம் தின்னு கொட்டை போட்டவன் நான். எனக்குப் பாடம் எடுக்க வராத."

இரண்டாம் தடவை அவள் வாயைத் திறக்கவில்லை. காலையில் நான் போவதற்கு முன்பே சின்ன பிப்பெட்டை எடுத்து என் தாங்கியில் மாட்டி வைத்திருந்தாள். நான் அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை அவள் கையில் இரண்டு பிளேட் இருந்தது.

"ரெண்டே நிமிஷம் சார், இதை வந்து பாருங்க" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"வீட்டுல புருஷன்னு மதிக்க வேணாம், இங்க சீனியர்னாவது மதி!" என்று கத்தினேன். பிராத் அறை வாசலில் அக்கா அடுப்பை மறந்து நின்றார். என் மனைவி இரண்டு பிளேட்டையும் மேசையில் வைத்தாள், கையுறையைக் கழற்றினாள், கை கழுவப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அவள் சொன்னது சரியா தப்பா என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. இருபத்தேழு வாங்கியவள் பதினொன்று வாங்கியவனுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறாள் என்பது மட்டும்தான் காதில் ஏறியது.

பிறகுதான் வேடிக்கை. அடுத்த வருடத்திலிருந்து எனக்கும் கிடைக்க ஆரம்பித்தது. பிளேட்டைத் திறந்தால் கறுப்புப் புள்ளி. நான் எதையும் மாற்றவில்லை, அதே பெரிய பிப்பெட், அதே ஒரு மில்லி. அந்த வருடம் பலகையில் அவளுக்கு இருபத்தைந்து, எனக்கு இருபத்துமூன்று. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

"பாத்தியா? உன் சின்ன பிப்பெட் இல்லாமயே" என்றேன் வீட்டுக்கு வந்து.

"பாத்தேன், பாத்தேன்" என்றாள்.

"அம்மா, அப்பா தலையில கொம்பு மொளைக்குது, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள் மகள். அந்த வயசிலேயே அவளுக்கு அவள் அம்மாவின் வாய்.

கிடைக்க ஆரம்பித்து மூன்றாவது வருடம் எனக்கு இருபத்தொன்பது, அவளுக்கு இருபத்தெட்டு. ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் என் செலவில் தேநீர். என் மனைவி தன் தேநீரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். பொறாமையில் வெந்துபோய்த்தான் பேசாமல் போகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

இந்த நேரத்தில்தான் பகுதித் தலைவர் மேலிடத்துக்கு மாறிப் போவதாகச் செய்தி வந்தது. அவர் இடத்துக்கு, அதாவது எல்லா அறிக்கையிலும் கடைசிக் கையெழுத்துப் போடும் பொறுப்பாளர் பதவிக்கு, எங்கள் இருவரில் ஒருவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதவி எனக்கு வேண்டும். அதைவிட, அது அவளுக்குப் போய்விடக் கூடாது. அவள் அந்தத் தனி அறையில் உட்கார்ந்திருக்க, நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டி, "மேடம், ஒரு கையெழுத்து" என்று நிற்பதை நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு நாள் பிராத் அறை அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"நீலக் குழாய் எங்கப்பா போகுது? நீங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கறதுக்கும் மேல தெனம் பத்துப் பன்னெண்டு காணோம். குழாயையே தின்றீங்களா?"

எனக்கு மூக்கு வேர்த்தது. நான் எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒன்றுகூட எடுப்பதில்லை. அப்படியானால் அவள்தான். எதற்கு?

தினமும் பத்தரை மணிக்கு என் குழாய்களை நிரப்பித் தாங்கியில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கக் கீழே போவேன். அன்றைக்குப் போகிற மாதிரி போய், குழாய்களைக் கதகதப்பில் வைக்கும் இன்குபேட்டர் அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் எழுந்தாள். என் பக்கம் வந்தாள். புதிதாகப் பன்னிரண்டு நீலக் குழாய்களை எடுத்து, என் கோணல் எழுத்தை அச்சு அசலாகப் போட்டு என் சாம்பிள் எண்களை எழுதினாள். என் புட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து விட்டாள். நான் நிரப்பி வைத்த குழாய்களைக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு, அவளுடையதை அந்த இடத்தில் அடுக்கினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முகத்தில் ஒரு பதற்றம் கிடையாது. எத்தனையோ நாள் பழகிய கை.

அவள் கையில் எந்த பிப்பெட் இருந்தது என்று நான் பார்த்தேனா? பார்த்தேன். பார்த்தும் அது மூளைக்குப் போகவில்லை. என் சாம்பிளைக் கெடுக்கிறாள், அந்த ஒற்றை எண் வித்தியாசம் தாங்காமல் என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள், பதவிக்காகக் கட்டிய புருஷனுக்கே குழி பறிக்கிறாள். இதுதான் ஓடியது. கோபம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கோபத்துக்கு அடியில் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. கழுகு மாட்டிக்கொண்டது.

மதியத்துக்குள் புகார் எழுதிவிட்டேன். தாலி கட்டியவளை 'மேற்படி ஊழியர்' என்று எழுதினேன். 'உள்நோக்கத்துடன்' என்ற வார்த்தையையும் போட்டு, அதன் கீழே கோடும் இழுத்தேன்.

தலைவர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடம், இவரோட குழாய்களை மாத்தினீங்களா?"

"மாத்தினேன் சார்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரம், பத்து நாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அடுத்தவங்க சாம்பிள்ல கை வெக்கறது எவ்ளோ பெரிய தப்புன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் சார். தெரிஞ்சுதான் பண்ணேன்."

"ஏன்?"

"ரெண்டு நாள் குடுங்க சார். அப்புறம் நான் சொல்ல வேண்டி இருக்காது."

இரண்டு நாள் கொடுத்தார். அதுவரைக்கும் அவள் மேசைப் பக்கமே போகக் கூடாது, பதிவேட்டு அறையில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. பேருந்தில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் எங்கள் முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். என் மனைவி சமையலறையில் காய் நறுக்க உட்கார்ந்தாள்.

"எதுக்குடி இப்படிப் பண்ண?"

"உங்க புட்டி, உங்க சாம்பிள். அதுல நான் எதையும் கலக்கல. புள்ளி ஒண்ணு எடுத்து விட்டேன், அவ்ளோதான்."

"என் மேல எரக்கப்பட்டியாக்கும்?"

"உங்க மேல எனக்கென்ன எரக்கம்? அதைத் தின்னப்போறவங்க மேல. மூணு தடவை சொன்னேன். மூணாந்தடவை ஊரைக் கூட்டிக் கத்தினீங்க. இனிமே சொல்லிப் பிரயோஜனம் இல்லன்னு நானே பண்ணிட்டேன்."

"அப்போ, எனக்குக் கெடைச்சதெல்லாம்..."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நான் நம்பமாட்டேன்" என்றேன்.

"நம்பவே வேணாம். பிராத்துக்கு ஒரு நாள், பிளேட்டுக்கு ஒரு நாள். எதுக்கு ரெண்டு நாள் கேட்டேன்னு நெனச்சீங்க? நீங்களே பண்ணிப் பாருங்க சார்."

சார் என்றுவிட்டாள். நான் சமையலறையை விட்டு நகரப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"இன்னொண்ணு. மூணு வருஷம் நான் மாத்தினேன். அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் யாரு மாத்தினா?"

மறுநாள் காலை பன்னிரண்டு கோழிக்கறிப் புட்டிகள் தயாராக இருந்தன. இழுப்பறையிலிருந்து சின்ன பிப்பெட்டை எடுத்துத் துடைத்தேன். ஒவ்வொரு புட்டிக்கும் இரண்டு நீலக் குழாய். ஒன்றில் என் வழக்கப்படி ஒரு மில்லி, ஒன்றில் புள்ளி ஒன்று. சுண்ணாம்புக் குழாய் எப்போதும்போல. அடுத்த நாள் எல்லாவற்றிலிருந்தும் பிளேட்டில் கோடு இழுத்தேன். அவள் அந்தப் பக்கமே வரவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான் செய்தேன். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக நான் எந்தச் சோதனையும் செய்ததில்லை.

மூன்றாம் நாள் எட்டு மணிக்கே போய் இன்குபேட்டரைத் திறந்தேன். மாடியில் யாரும் இல்லை. புள்ளி ஒன்று விட்டதில் ஐந்து பிளேட்டில் கறுப்புப் புள்ளிகள். ஒரு மில்லி விட்டதில் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் மஞ்சள். தவறிய மூன்றில் ஒன்றைச் சுண்ணாம்புக் குழாய் பிடித்திருந்தது. மீதி இரண்டையும் அதுவும் கோட்டைவிட்டிருந்தது. என் பழைய முறையில் அந்த இரண்டுக்கும் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று பதிவேட்டில் பார்த்தேன். ஒரு மருத்துவமனைச் சமையலறை.

கழிவுப் பை பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றது. நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு மில்லி பிளேட்டுகளை எல்லாம் அடுக்கி அந்தப் பைக்குள் வைத்தேன். இனிமேல் நானும் சின்னதையே எடுத்துக்கொள்ளலாம். இன்றைய ஐந்தையும் ஒழுங்காகப் பதிவு செய்யலாம், யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. அவள் என் குழாய்களை மாற்றியதை அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள். ஏன் மாற்றினாள் என்பதற்கு இந்தப் பிளேட்டுகளைத் தவிர சாட்சி இல்லை. பதவி எனக்கு. பலகையில் இருபத்தொன்பதும் எனக்கு. மூன்று நிமிடம் அந்தப் பையின் வாயைக் கட்டும் கயிறு என் கையில் இருந்தது.

கட்டியிருப்பேன். ஆனால் அந்த எட்டு வருடத்துக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அவளிடம் சொல்ல அல்ல, எனக்கே சொல்லிக்கொள்ள. எப்படிப் பூசி மெழுகிப் பார்த்தாலும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் எனக்கு எத்தனை, அவளுக்கு எத்தனை என்று எண்ணி எண்ணி வெந்துகொண்டிருந்தேனே, எனக்குக் கிடைக்காதது எங்கே போயிருக்கும் என்று ஒரு நாளாவது கேட்டேனா? அது யாரோ ஒருவரின் தட்டுக்குப் போயிருந்தது.

பிளேட்டுகளைப் பையிலிருந்து திரும்ப எடுத்தேன். இரண்டு வரிசையையும் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு தலைவர் அறை வாசலில் போய் நின்றேன். அவர் ஒன்பது மணிக்கு வந்தார். அவளையும் கூப்பிட்டு அனுப்பினார். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் பிளேட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்.

"இப்படித்தான் விடறீங்கன்னு இவங்களுக்கு எப்போ தெரியும்? தெரிஞ்சும் எங்க யார்கிட்டயும் சொல்லாம ஏன் மூடி மறைச்சாங்க?"

என் பொறாமைக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு அது. 'அதை அவங்களைத்தான் சார் கேக்கணும்' என்று சொல்லிவிட்டால் போதும், பாதிப் பழி அவள் தலைக்குப் போய்விடும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"என்கிட்ட மூணு தடவை சொன்னா சார். மூணாவது தடவை இதே மாடியில நின்னு கத்தினேன். உங்களுக்கே கேட்டிருக்கும்."

தலைவர் கையில் இருந்த பிளேட்டைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சு. புருஷன் பெண்டாட்டி சண்டைன்னு நெனச்சுக் கதவைச் சாத்திக்கிட்டேன்" என்றார்.

பதவி எங்கள் இருவருக்குமே இல்லை. தண்ணீர் சோதனைப் பகுதியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். கறி சாம்பிள் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிற ஆள். என் மனைவிக்கு எச்சரிக்கைக் கடிதம், அடுத்தவர் சாம்பிளில் கை வைத்ததற்கும் மேலிடத்தில் சொல்லாததற்கும். மறுபயிற்சி முடியும்வரை எனக்கு மேசை இல்லை. பழைய எட்டு வருடப் பதிவேடுகளில் நான் கையெழுத்துப் போட்ட 'கண்டறியப்படவில்லை' ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து எழுத வேண்டும், அனுப்பியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு. எழுத நான், படித்துச் சரிபார்க்க இன்னொருவர். யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது அவள்தான் கை தூக்கினாள்.

பதிவேட்டு அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தோம். அவள் எண்ணைப் படிப்பாள், நான் எழுதுவேன். இரண்டாவது பதிவேட்டில் ஒரு இடத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"உனக்கு அந்தப் பதவி வேணும்னு இருந்துச்சா?"

"இருக்காதா பின்ன? ரொம்ப இருந்துச்சு. அந்த ரூம்ல மேசையை எந்தப் பக்கம் திருப்பிப் போடணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன்."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"உன் மேல எனக்கு அவ்ளோ பொறாமை. இத்தனை வருஷமும். நீ பிளேட்டைத் தூக்கிப் பாக்கறதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும்."

அவள் சிரித்தாள். "இது ஒரு சேதின்னு இப்பச் சொல்றீங்களா? எனக்கு மட்டும் இல்லாமயா இருந்துச்சு?"

"உனக்கா? யார் மேல?"

"உங்க மேலதான்."

"என் மேலயா? எங்கிட்ட என்ன இருக்கு?"

அவள் படித்த வரி தவறாமல் பதிவேட்டில் விரலை வைத்தபடியே இருந்தாள்.

"தலையணையில தலை வெச்சதும் தூங்கிடுவீங்க. தப்பா ஊத்திட்டு வந்து அப்படித் தூங்குவீங்க. மாத்த ஆரம்பிக்கற வரைக்கும், சரியா ஊத்திட்டு வந்து நான் முழிச்சுக்கிட்டுக் கெடப்பேன். இன்னிக்கு அவர் பிளேட்டுல எது தப்பியிருக்கும், அது எந்த வீட்டுக்குப் போயிருக்கும்னு. பக்கத்துல நீங்க குறட்டை விடுவீங்க. அதைக் கேக்கக் கேக்க வயிறு எரியும்ங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த எண்ணைப் படித்தாள். முட்டைத் தூள், கண்டறியப்படவில்லை, கையெழுத்து என்னுடையது. நான் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.